நாணிக் கண்புதைத்த குரங்கு

கண்ணைப் பொத்திக்கொண்டிருக்கும் குரங்கு எமோஜியைப் பார்த்தால் பள்ளிச் சுவரில் மூன்று குரங்குகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குக் காந்தி நினைவுக்கு வருகிறார். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அது வெறும் வெட்கம். நிச்சயதார்த்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு யாராவது கிண்டல் செய்தால், மணப்பெண்ணிடமிருந்து வரும் பதில் அந்தக் குரங்குதான். மேலதிகாரிக்குப் போகவேண்டிய செய்தியை மாமியாருக்கு அனுப்பியவரும் அதைத்தான் போடுகிறார்; ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டாவது பிரியாணி சாப்பிட்டவரும் அதைத்தான். தீயதைப் பார்க்காதே என்று ஊருக்கே பாடம் சொன்ன குரங்கை இப்படி அசடு வழிய விட்டுவிட்டார்களே என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குரங்கு கெட்டுப்போய்விடவில்லை, நடுவில் சில காலம் பார்த்த உபதேச வேலையை விட்டுவிட்டுத் தன் பழைய தொழிலுக்குத் திரும்பியிருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் அது செய்தியில் எங்கே வந்து உட்காருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கடைசியில். விரதம் என்றால் செயலுக்கு முன்னால் வரவேண்டும்: பார்க்கமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறோம். நாணம் எல்லாம் முடிந்த பிறகு வருவது. உளறிக் கொட்டிய பிறகு வாய் பொத்திய குரங்கு, மாட்டிக்கொண்ட பிறகு கண் பொத்திய குரங்கு. எமோஜிப் பட்டியல் போட்டவர்களுக்கும் இது தெரிந்தே இருந்திருக்கிறது. ஜப்பானியக் கைப்பேசிகளில் புழங்கிய எமோஜிகள் 2010இல் யூனிகோடின் 6.0 பதிப்பில் ஏறியபோது, சாதாரணக் குரங்கை ஆடு மாடுகளோடு வைத்துவிட்டு, இந்த மூன்றை மட்டும் சிரிக்கும், அழும் முகங்கள் இருக்கும் தொகுதியில் சேர்த்தார்கள். விலங்காக அல்ல, உணர்ச்சியாகத்தான் அவற்றுக்கு எண் கொடுக்கப்பட்டது. ஐபோன் விசைப்பலகை அவற்றை மறுபடி விலங்குகளிடமே கொண்டுபோய் விட்டது வேறு கதை.

ஆனால் அவற்றின் பிறந்த வீடே உபதேசம்தானே, ஜப்பானின் நிக்கோ நகரத்துச் சிற்பத்தை மறந்துவிட்டீர்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே தோஷோகு கோயிலில், 1636இல் எழுப்பிய கட்டடங்களில் ஒன்றான குதிரை லாயத்தின் மேல்தான் உலகப் புகழ்பெற்ற அந்த மூன்று குரங்குகள் இருக்கின்றன. குரங்கு குதிரைகளைக் காக்கும் என்ற நம்பிக்கையால் லாயத்துக்கு வந்தவை. மொத்தம் எட்டுப் பலகைகள், ஒரு மனித வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து சொல்கின்றன. நம் மூன்று குரங்குகள் குழந்தைப் பருவத்துக்கு உரிய பலகை. கெட்டதைப் பார்க்காதே, கேட்காதே, பேசாதே என்பது அங்கே குழந்தைக்குச் சொன்னது. அடுத்தடுத்த பலகைகளில் அதே குரங்கு வளர்ந்து, மனம் உடைந்து, காதலில் ஏங்கி, கடைசியில் வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறது. அப்போதெல்லாம் அது எதையும் பொத்திக்கொள்வதில்லை. வளர்ந்த பிறகும் ஆயுள் முழுக்கக் கண்ணைப் பொத்திக்கொண்டு இருக்கச் சொன்னவர்கள் நாம்.

நிக்கோவின் பெருமைக்கு வெளியே, ஜப்பானின் சாலையோரங்களில், இதே குரங்குகளைச் செதுக்கிய கற்கள் ஏராளமாக நிற்கின்றன. அவை கோஷின் என்னும் வழிபாட்டைச் சேர்ந்தவை, எனக்கு உண்மையான சாட்சி அவைதான். ஒவ்வொரு மனிதனுடைய உடம்புக்குள்ளும் மூன்று புழுக்கள் குடியிருக்கின்றன. அறுபது நாளைக்கு ஒருமுறை வரும் குறிப்பிட்ட இரவில், ஆள் தூங்கியதும் வெளியே வந்து, அவன் செய்த தப்புகளையெல்லாம் வானுலக அரசனிடம் ஒப்பிக்கின்றன. அதனால் அவனுடைய ஆயுள் குறைகிறது என்பது நம்பிக்கை. நாம் சித்ரகுப்தனைக் கணக்குப் புத்தகத்தோடு யமலோகத்தில் உட்கார வைத்தோம். அவர்கள் கணக்கனை வயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இதற்குப் பரிகாரம் தப்புச் செய்யாமல் இருப்பது அல்ல, அன்றிரவு தூங்காமல் இருப்பது! ஊர் கூடி, சாப்பிட்டு, குடித்து, விடிய விடியக் கதை பேசி, புழுக்களுக்கு வழிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாள் சீனப் பஞ்சாங்கப்படி குரங்கு நாள். கற்களில் குரங்கு வந்ததற்கு அதுவே போதுமான காரணம். அந்தக் குரங்குகள் என்ன செய்கின்றன என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று, நம் தப்புகள் மேலே பார்க்கப்படாமலும் கேட்கப்படாமலும் சொல்லப்படாமலும் இருக்கட்டும் என்று வேண்டுகின்றன என்பது. கன்ஃபூசியஸ் பெயரால் வழங்கும் பழைய நூலில் முறையற்றதைப் பார்க்காதே, கேட்காதே, பேசாதே, செய்யாதே என்று நான்கு விலக்குகள் உண்டு. குரங்குகளின் ஒழுக்கப் பாடத்துக்கு அதையே வேராகக் காட்டுவார்கள். நான்காவது குரங்கைச் செதுக்கியவர்களும் இருக்கிறார்கள் என்றாலும், உலகம் முழுக்கப் பிரபலமானவை மூன்றுதான். செய்யாதே என்ற ஒன்றை மட்டும் ஊர் சௌகரியமாக நழுவவிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

வாட்ஸ்அப்பில் விரல் தட்டும் பிள்ளைக்குக் கோஷினும் தெரியாது, புழுவும் தெரியாது. கோஷின் குரங்கும் எமோஜிக் குரங்கும் தற்செயலாக ஒத்துப்போவதை வைத்துக் கோட்டை கட்டலாமா என்பது அடுத்த ஆட்சேபம். அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சைகை பாடத்தால் வருவதில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரஸ்ஸலும் உடன் பணியாற்றியவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நான்கு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர், தம் கண்ணை மூடினால் எதிரே இருப்பவரால் தம்மைப் பார்க்க முடியாது என்றே சொன்னார்கள். உடம்பு தெரியும் என்பதையும் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். கண்ணும் கண்ணும் சந்தித்தால்தான் ‘நான்’ அகப்படுவேன் என்பது அவர்கள் கணக்கு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேலி செய்வது பெரியவர்கள் வழக்கம். அந்தப் பூனை அவ்வளவு அசடு இல்லை.

தமிழ்க் கவிஞர்களுக்கு இது தெரியும். கோவை நூல்களில் ‘நாணிக் கண்புதைத்தல்’ என்றே ஒரு துறை இருக்கிறது. தலைவன் எதிரே நிற்கிறான். தலைவி வெட்கம் தாங்காமல் தன் கண்களைக் கைகளால் மறைத்துக்கொள்கிறாள். அவன் பேசுகிறான், அவள் பேசுவதில்லை. நிகழ்ச்சி இவ்வளவே. மாணிக்கவாசகரின் திருக்கோவையார் நானூறு பாட்டில் நானூறு துறைகளைத் தொட்டுக் காதலின் முழுப் பாதையையும் நடந்து முடிக்கிறது. 17ஆம் நூற்றாண்டில், நிக்கோவின் லாயமும் எழுந்த அதே நூற்றாண்டில், ராமநாதபுரம் ரகுநாத சேதுபதி மீது கோவை பாடிய அமிர்த கவிராயர் நேர்மாறாக ஒன்று செய்தார். நாணிக் கண்புதைத்தல் என்ற ஒரே துறையை எடுத்துக்கொண்டு நானூறு பாட்டும் அதிலேயே பாடினார். ஒருதுறைக் கோவை என்று பெயர். கதை ஒரு அடி நகராது. நானூறு தடவையும் அவள் கண்ணைப் பொத்திக்கொண்டே நிற்கிறாள், நானூறு தடவையும் அவனுக்குச் சொல்லப் புதிதாக ஏதோ கிடைக்கிறது. இது வெறும் வித்தை, புலவர் கழைக்கூத்து என்று ஒதுக்குபவர்கள் உண்டு. இருக்கட்டும். ஒரு சைகையில் நானூறு பாட்டுக்குச் சரக்கு இருக்கிறது என்று ஒருவர் பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறார் என்பதே எனக்கு வேண்டிய சான்று. இத்துறையில் தலைவன் சொல்லும் நியாயங்களில் ஒன்று, கண்ணை மட்டும் மறைத்து என்ன பயன், என்னை வாட்டுவது உன் மேனி முழுவதும் அல்லவா என்பது. அதாவது மறைப்பு பலிக்கவில்லை என்று அவளிடமே சொல்கிறான். அவளுக்கும் அது தெரியும். பலிக்காத மறைப்பு என்று இருவருக்கும் தெரிந்திருப்பதில்தான் அந்தக் காட்சியின் இனிப்பே இருக்கிறது. ஒளிந்துகொள்ள வேண்டுமானால் ஓடிவிடலாம், கைப்பேசியை அணைத்துவிடலாம். கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரிலேயே நிற்பவர், இதோ நாணுகிறேன் பார் என்கிறார்.

அப்படியானால் அதற்குக் குரங்கு எதற்கு, மனித முகமே போதாதா என்று கேட்கலாம். மனித முகங்களும் வந்துவிட்டன: வாயைக் கையால் மூடிச் சிரிக்கும் முகம் 2017இல், விரல் இடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்க்கும் முகம் 2021இல். ஆனாலும் குரங்கை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. மனித முகம் போட்டால் அது வெட்கத்தோடு நின்றுவிடுகிறது. குரங்கு வந்தால் கூடவே சேட்டையும் வருகிறது. தப்பு செய்தவர் தன்னைத்தானே முந்திக்கொண்டு குரங்கு என்று திட்டிக்கொள்வதால், அடுத்தவர் திட்ட வழியில்லை. தன்னைத் தானே சொல்லிக்கொள்வது என்பது இங்கே முக்கியம். 2021 ஜூலையில் யூரோ கால்பந்து இறுதி ஆட்டத்தில் பெனால்ட்டியைத் தவறவிட்ட மூன்று கறுப்பின இங்கிலாந்து வீரர்களின் இன்ஸ்டகிராம் பக்கங்களில் குரங்கு எமோஜிகளைக் கொட்டினார்கள். அடுத்தவர் மேல் எறிந்தால் அதே விலங்கு வெறும் கல். பொத்திய கையோ எறிய வருவதில்லை.

மூன்றையும் வரிசையாகப் போட்டால் மட்டும் பழைய பாடம் மீள்கிறது. தம்பியும் அண்ணியும் சண்டை போடும் குழுவில் ‘நான் எதையும் பார்க்கலை’ என்று ஒதுங்குபவர் மூன்றையும் சேர்த்தே அனுப்புகிறார். அங்கே காந்தியின் குரங்குகள்தான் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் விசைப்பலகை அவற்றைத் தனித்தனியே பிரித்து வைத்துவிட்டது. பிரிந்ததும் கண் பொத்தியது நாணத்துக்குப் போயிற்று, வாய் பொத்தியது ரகசியத்தை உடைத்தவர்களிடம் போயிற்று. காது பொத்தியது மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. காதைப் பொத்திக்கொண்டு யாரும் வெட்கப்படுவதில்லை, பார்வையைப்போலக் கேள்வி இரண்டு பேருக்கு நடுவே முட்டி நிற்பதும் இல்லை. காது பொத்துவது பிறர் சத்தத்துக்கு எதிரான தற்காப்பு, அதற்கு இப்போது யாருக்கும் குரங்கு தேவைப்படவில்லை. குழுவை ஊமையாக்கி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தியது அடுத்தவருக்குத் தெரியாது.