வயிறு நிறைஞ்ச பூச்சிதான் விடிய விடியப் பாடும்

தோட்டத்துக்கு வந்து தங்குகிற டவுன் நண்பர்கள் மறுநாள் காலையில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "எவ்ளோ அமைதியா இருக்கு உங்க ஊரு, ஆனா அந்த சில்வண்டு மட்டும் இல்லன்னா நல்லா இருக்கும்." எனக்குச் சிரிப்பு வரும். அது அமைதி இல்லைங்க, சந்தை இரைச்சல். ஒவ்வொருத்தனும் "நான் இங்க இருக்கேன், என்கிட்ட வா"ன்னு கூவிக்கிட்டு இருக்கான். கூவுறது எல்லாமே ஆண்தான். பொட்டை வாயே திறக்காது. வாய்னு சொல்றதே தப்பு. சிறகோட சிறகைத் தேய்ச்சுத்தான் சத்தம் வருது, சீப்புப் பல்லுல நகத்தை இழுக்கிற மாதிரி. கேட்கிற காதும் முன்னங்காலில் இருக்கு.

மாடு கன்னு வெச்சிருக்கிற நமக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். பொலிகாளைக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் போட்டு வளர்த்தாத்தான் நிக்கும். வத்தக் காளையை யாரும் தேடி வர்றதில்லை. பூச்சிக்கும் அதே கதைதான். ஐரோப்பாவில் வயல் சில்வண்டை வைத்து ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். குஞ்சாக இருக்கும்போது நல்ல தீனி தின்றதுக்குச் சிறகில் சத்தம் எழுப்புகிற பகுதி பெரிசா இருக்கும், அதனால குரல் கொஞ்சம் கட்டையா வரும். கடைசிச் சட்டையை உரிச்ச பிறகு பூச்சி வளராது. அதனால சின்ன வயசுப் பட்டினி சாகிற வரைக்கும் குரலில் இருக்கும். ஆனா எவ்வளவு வேகமா, எத்தனை நேரம் கத்துறதுங்கிறது இப்போதைய வயித்தைப் பொறுத்தது. ஒரே பாட்டில் இளமைக் கதையும் இருக்கு, நேத்து ராத்திரி சாப்பாடும் இருக்கு. பொட்டை இரண்டையும் கேட்டுத்தான் நடந்து வருது.

2004இல் ஆஸ்திரேலியக் கறுப்பு வயல் சில்வண்டைப் பற்றி வந்த ஆய்வு என்னை ரொம்ப நாள் யோசிக்க வெச்சது. புரதம் நிறையக் கொடுத்து வளர்த்த ஆண் பூச்சிகள் இளமையிலேயே விழுந்து விழுந்து பாடின. சீக்கிரமே செத்தும் போயின. கஞ்சத் தீனி தின்றவை கம்மியாப் பாடி அதிக நாள் இருந்தன. பொட்டைக்கு நேர் எதிர், நல்ல தீனி தின்றது நீண்ட நாள் வாழ்ந்தது. நாலு வருஷம் கழித்து அதே பூச்சியை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. ஆண் பாடுவதற்கு மாவுச்சத்துதான் அதிகம் தேவை, முட்டை வைக்கிற பொட்டைக்குத்தான் புரதம் என்று அதில் கண்டார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று இடிக்கிற மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தோணலை. பாடுறது கூலி வேலை மாதிரி, எரிக்கச் சக்கரை வேணும். உடம்பைக் கட்டப் புரதம் வேணும். அறுப்புக்கு வர்ற ஆளுக்கும் இதுதானே.

இப்போ எங்க பக்கத்துக் கதைக்கு வர்றேன். பெங்களூர் போகிற ரயிலில் ஜோலார்பேட்டை தாண்டி குப்பம்னு ஒரு ஸ்டேஷன் வருமே, எங்க ஊர்ல இருந்து பார்டர் தாண்டினா அதுதான். அந்தப் பக்கத்துப் புதர்களில்தான் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ரோகிணி பாலகிருஷ்ணனின் குழு மரச் சில்வண்டை வருஷக்கணக்கில் கவனித்தது. விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிசு, பச்சை வெளுப்பா இருக்கும். அதில் சில ஆண் பூச்சிகள் ஒரு இலையைப் பிடித்து, நடுவில் ஓட்டை போட்டு, அதுக்குள்ள தலையை நுழைச்சுக்கிட்டு, சிறகை இலையோட ஒட்டி நிறுத்திப் பாடும். இலை ஒலிபெருக்கி மாதிரி வேலை செய்யுது. இப்படிச் செய்வது யாரென்று பார்த்தால், உடம்பு சிறுத்தவனும் குரல் கம்மியானவனும்தான். பெரிய உடம்புக்காரனுக்கு இலை அவ்வளவாத் தேவைப்படலை. சின்னவன் இலையோட பாடினா, பொட்டை அவனையும் பெரியவன்னு நெனச்சு வருது. இது 2020இல் வந்த ஆய்வு. 1975லேயே தென்னாப்பிரிக்காவில் இந்த இலை வித்தையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனா ஏழைதான் அதை அதிகம் கையாளுறான்னு சொன்னது நம்ம பக்கத்துக் கொல்லை பூச்சிங்க.

அது உட்கார்ற செடி என்னன்னு கேட்டா விவசாயிக்குக் கோபம் வரும். துளசி மாதிரி வாசம் வருமே, ரோட்டோரமெல்லாம் மண்டிக் கிடக்குமே, அந்தக் களைதான். அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது. மாடு வாய் வைக்காது.

எங்க கிழக்கு வரப்புல அது முழங்கால் உயரத்துக்கு நிக்குது. ராகி விதைக்கிறதுக்கு முன்னாடி களைக்கொல்லி அடிச்சு விட்டுடலாம்னு தம்பி சொல்றான். அவன் சொல்றதும் நியாயம்தான். வெதை கொட்டிச்சுன்னா அடுத்த வருஷம் கொல்லைக்குள்ள வந்துடும், ஆள் கூலிக்கு அவன் எங்க போவான்? மேற்கால பக்கத்து நிலத்துக்காரர் போன வருஷம் அடிச்சுட்டார். அன்னிக்கு ராத்திரி எங்கம்மா திண்ணையில் படுத்தபடி, "என்னடா, மேக்கால சத்தமே இல்ல?"ன்னாங்க. கண்ணு சரியாத் தெரியாதவங்க. பொழுதையும் மழையையும் காதாலதான் பார்க்கிறாங்க. சில்வண்டு மெதுவாக் கத்தினா, "குளிரு ஏறுது, கன்னை உள்ள கட்டு"ம்பாங்க. சூடு கூடினால் கத்துகிற வேகமும் கூடும். 1897லயே டால்பேர்னு ஒரு அமெரிக்கர் அதுக்குக் கணக்கே போட்டு எழுதியிருக்கிறார்.

"அம்மாவுக்காகக் களை வளர்க்கணுமாண்ணா?"ன்னு தம்பி கேட்டான். பூச்சிக்காகன்னு சொல்லியிருந்தா இன்னும் சிரிச்சிருப்பான். கடைசியில் கொல்லை ஓரமா இருக்கிற பாதியைப் பூ எடுக்கிறதுக்கு முன்னாடி கையால பிடுங்குறது, திண்ணைப் பக்கம் இருக்கிற பாதியை இந்த வருஷம் தொடாம விடுறது, மருந்து வேண்டாம்னு பேசி முடிச்சோம். அடுத்த வருஷத்தைப் பத்தி அவன் வாக்குக் கொடுக்கலை. நானும் கேட்கலை.

நேத்து பொழுது சாஞ்சதும் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரைச் சுத்திக்கிட்டுப் போனேன். பாதி தூரத்துல ஒரு சத்தம் மட்டும் உடம்புக்கு மீறின மாதிரி வந்துச்சு. குனிஞ்சு பார்த்தேன். அந்தச் செடியிலேயே பெரிய இலையாப் பார்த்துப் பிடிச்சு, நடுவுல ஓட்டை போட்டு வெச்சிருந்தான். தலை அந்தப் பக்கம், வயிறு இந்தப் பக்கம். வெளிச்சம் பட்டதும் ஒரு நிமிஷம் நிறுத்தினான். நான் டார்ச்சை அணைச்சதும் விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சுட்டான்.