விலங்கியல் படிச்சு என்ன கிழிக்கப் போறே?

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு தங்கை போன் செய்தாள். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல், மூன்றாம் ஆண்டு. அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். வீட்டில் முதல் பட்டதாரி.

"அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தப் படிப்பை வச்சு என்னண்ணா பண்றது? விலங்கியல் படிச்சு என்ன கிழிக்கப் போறேன்னு மாமா கேக்குறாரு."

நான் சிரித்துவிட்டேன். இருபது வருஷத்துக்கு முன் என் ஊரில் என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். அவள் சிரிக்கவில்லை.

"மே மாசம் வரைக்கும்தாண்ணா டைம். பரீட்சை முடிஞ்சதும் மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடுவாங்க."

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல தம்பி தங்கைகள் விடுதி அறைகளில் முழித்துக்கொண்டு படுத்திருப்பீர்கள் என்று தெரியும்.

அந்தக் கரப்பான்பூச்சி

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது 2003இல். அப்போது நீட் இல்லை, மாநில நுழைவுத்தேர்வு இருந்தது. கோச்சிங் போகக் காசில்லை. டாக்டர் சீட் தவறியது, விலங்கியல் கிடைத்தது. ஆதிதிராவிடர் நல விடுதியில் ஓர் அறையில் பதினான்கு பேர். ஊரில் எல்லோரும் என்னை டாக்டராகத் தவறியவனாகவே பார்த்தார்கள். நானும் என்னை அப்படித்தான் பார்த்தேன்.

1200க்கு 1176 எடுத்த அனிதாவை 2017இல் இழந்தோம். அதற்குப் பிறகு உயிரியல் வகுப்புகளில் நம் பிள்ளைகள் சுமக்கும் வலி இன்னும் கனத்துவிட்டது. மூன்று வருஷப் படிப்பையும் தோல்விக்குப் பிறகு கிடைத்த ஆறுதல் பரிசாகவே நினைக்கிறார்கள்.

முதலாண்டு செய்முறை வகுப்பில் கரப்பான்பூச்சியைப் பிரித்து, நரம்பு மண்டலம் எங்கும் அறுபடாமல் எடுத்துக் காட்டினேன். ஆசிரியர் குனிந்து பார்த்தார். "நல்லா வந்திருக்கே" என்றார். சிரித்துக்கொண்டே அடுத்ததையும் சொன்னார்: "உங்களுக்கெல்லாம் அறுக்கிறது பழக்கம்தானே."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சொன்னதைவிட நான் சிரித்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அந்த ஒரு வரியில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பது முழுசாக இருக்கிறது. அவர்கள் செய்தால் திறமை, நாம் செய்தால் பழக்கம். ஒருவருடைய வேலைக்குப் பேர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, கூலியை முடிவு செய்வதும் அவர்கள்தான். பிரசவம் பார்த்த நம் பாட்டிகளின் கைக்கு என்ன பேர் கிடைத்தது, என்ன கூலி கிடைத்தது? யோசித்துப் பாருங்கள்.

மோதிரம்

பட்டம் வாங்கியதும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் குழாய்களுக்கு லேபிள் ஒட்டினேன். பிறகு சென்னையில் மெடிக்கல் கோடிங். நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடும் வேலை. இரண்டு தங்கைகளைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் உண்மை அறியும் குழுக்களோடு போக ஆரம்பித்தேன்.

2015இல் ஒரு தனியார் தங்கும் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தோழர் ஒருவர் இறந்தார். காப்பாற்ற இறங்கியவரும் மயங்கி விழுந்தார், ஆனால் பிழைத்துக்கொண்டார். இறந்தவர் குடித்திருந்தார், தவறி விழுந்துவிட்டார் என்று சொன்னார்கள். சந்தேக மரணம் என்று வழக்கு.

பிழைத்தவரை மருத்துவமனையில் பார்த்தோம். "மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை மாதிரி நாத்தம் அடிச்சுதுண்ணா. கொஞ்ச நேரத்துல நாத்தமே இல்லை. சரி, கேஸ் போயிடுச்சுன்னு இறங்கினோம்."

எனக்குத் துணைப்பாடத்தில் படித்த நுண்ணுயிரியல் ஞாபகம் வந்தது. காற்றில்லாத இடத்தில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். கொஞ்சமாக இருந்தால் அந்த வாயு நாறும். அளவு கூடினால் மோப்ப நரம்பை மரக்கடித்துவிடும். நாற்றம் நின்றபோது வாயு போகவில்லை, மூக்குதான் செயலிழந்தது. ஆபத்து கூடிய நேரத்தில்தான் அவர்கள் இறங்கியிருக்கிறார்கள்.

இறந்தவரின் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையில் கணவரின் பொருட்களை வைத்திருந்தார். அதில் வெள்ளி மோதிரம் கறுத்துப் போயிருந்தது. "எப்ப வாங்கினதுக்கா?" என்று கேட்டேன். "ரெண்டு வாரம்தான் தம்பி ஆவுது, மச்சினன் கல்யாணத்துக்கு வாங்கினது" என்றார். ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் வெள்ளி கறுக்கும். மோதிரம் மட்டுமே நிரூபணம் ஆகாது. ஆனால் உடற்கூறாய்வு செய்த மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க அது போதும்.

அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். மூடி திறந்த நேரம், முதல்வர் இறங்கிய நேரம், இரண்டாமவர் மயங்கிய நேரம், தொட்டியின் ஆழம், யார் வேலைக்குக் கூப்பிட்டது, என்ன பாதுகாப்புக் கருவி கொடுத்தார்கள். பார்த்தது தனி, கேட்டது தனி, நாம் ஊகித்தது தனி. எழுதி முடித்துப் பார்த்தால் அது என் கல்லூரி ரெக்கார்டு நோட்டு மாதிரியே இருந்தது. அதை வைத்துத்தான் வழக்கறிஞர் தோழர் மனு போட்டார். கையால் கழிவகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள் சேர்ந்தன. 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 10 லட்சம் ரூபாய் பதினான்கு மாத அலைச்சலுக்குப் பிறகு அந்த அக்காவின் கைக்கு வந்தது. (2023 அக்டோபரில் அந்தத் தொகையை நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

பழக்கம் என்று அந்த ஆசிரியர் சொன்னாரே, அதற்கு என்ன பேர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு தாளை எடு

தங்கையிடம் ஒரு வேலை சொன்னேன். ஒரு தாளில் நடுவே கோடு போடு. இடது பக்கம் மூன்று வருஷத்தில் செய்தவற்றை எழுது. வலது பக்கம், அதையே வேலை கொடுப்பவருக்குப் புரியும் சொல்லில் எழுது.

ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்தாயா? இடம், நேரம் குறித்து, மாதிரி கலப்படமாகாமல் கையாளத் தெரியும். வகைப்பாட்டியல் படித்தாயா? நூற்றுக்கணக்கான தகவல்களை விதிப்படி பிரித்து அடுக்கத் தெரியும். மெடிக்கல் கோடிங் முழுக்க அதுதான். கை வர்க்கச் சோதனை போட்டாயா? ஒரு வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று எண்களை வைத்துப் பேசத் தெரியும். களப்பயண அறிக்கை எழுதினாயா? பார்த்ததை ஆதாரத்தோடு எழுதத் தெரியும். விடுதியில் ஜூனியர் பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாயா? கடினமான விஷயத்தை எளிமையாக விளக்கத் தெரியும்.

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி எழுத அப்பாவோ சித்தப்பாவோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நமக்குச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். இதோடு எக்செல் ஒழுங்காகக் கற்றுக்கொள். முடிந்தால் ஆர் அல்லது பைத்தான். இரண்டும் இலவச மென்பொருள்கள்.

எங்கெல்லாம் போகலாம்

அரசு வேலை என்றால் நம்மவர்கள் குரூப் 4 தாண்டி யோசிப்பதில்லை. இந்திய வனப்பணிக்கு யு.பி.எஸ்.சி. கேட்கும் பாடங்களின் பட்டியலில் விலங்கியலும் தாவரவியலும் இருக்கின்றன. எஸ்.சி. மாணவர்களுக்கு 37 வயது வரை எழுதலாம், இத்தனை முறைதான் என்ற வரம்பும் இல்லை. ஆனால் நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் என்ற பேர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு வேறு கதவு உண்டு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கான 2011ஆம் ஆண்டு விதிகளில் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் மூன்றும் உண்டு. அங்கே விலங்கியல் இல்லை. பட்டத்தின் பேர் ஒரு சொல் மாறினாலும் கதவு மாறும். அறிவிப்பில் தகுதிப் பகுதியை நீங்களே படியுங்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை இருக்கிறது. சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள்.

தடய அறிவியலைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1849இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வளர்ந்ததுதான் நம் மாநிலத் தடய அறிவியல் துறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் அதைப் படிப்படியாகச் செயல்படுத்தியாக வேண்டும், அதற்கு ஆட்கள் தேவை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்ததே, அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட மக்களிடமே டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். 2025இல் அந்த மக்களில் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. ஊர் அதை ஏற்கவில்லை. டி.என்.ஏ. எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அந்த மக்களோடு உட்கார்ந்து பேச நம்மில் எத்தனை பேர் தயாராக இருந்தோம்?

சட்டம் பிடித்தால் மூன்று வருட எல்.எல்.பி. படிக்கலாம். அறிவியல் பட்டம் இருந்தால் சட்டம் படிக்காமலேயே காப்புரிமை முகவர் தேர்வும் எழுதலாம். நம் விடுதிகளில் அப்படி ஒரு தேர்வு இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆசிரியராக வேண்டுமென்றால் பி.எட்., தகுதித் தேர்வு. வகுப்பறையில் "உங்களுக்கெல்லாம் பழக்கம்தானே" என்று சொல்லாத ஒரு ஆசிரியர் கூடினாலும் அது பெரிய வேலைதான்.

தனியார் துறையில் மெடிக்கல் கோடிங், மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் வேலை, மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பு, தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம் என்று இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் குறைவு, ஆங்கிலம் வேண்டும். ஒன்று கவனம். வேலை உறுதி என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கும் பயிற்சி மையங்களுக்கு அம்மாவின் கம்மலை அடகு வைக்காதே. பயிற்சியும் கொடுத்து வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களில் முதலில் முயற்சி செய்.

மேலே படிக்க ஆசையா? எம்.எஸ்சி. முடித்து நெட் எழுத எஸ்.சி. மாணவர்களுக்கு 50 சதவீத மதிப்பெண் போதும். எஸ்.சி. மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். வயது 35க்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுத் தலைப்புகளை அதிலிருந்து நீக்கினார்கள். சாதியைப் பற்றி நம் பிள்ளைகள் வெளிநாட்டில் எழுதுவது யாருக்கு உறுத்தியதோ! உயிரியல் படித்தவர்களுக்கு அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. அந்த வழியாகப் போய் மரபணுவியல் படியுங்கள். அண்ணல் 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது, சாதிக்கு ரத்தத் தூய்மை வேஷம் கட்டியவர்களுக்குப் பதில் சொல்ல பேட்சன் என்ற மரபியலாளரின் நூலை எடுத்துக்கொண்டார். இன்று நம்மிடம் அதைவிடக் கூர்மையான ஆதாரங்கள் உண்டு. இந்தத் துணைக்கண்டத்தின் மக்கள் கூட்டங்கள் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை ஒன்றோடொன்று கலந்தன, அதன் பிறகே அகமணம் இறுகியது என்று 2013இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் பங்கேற்ற மரபணு ஆய்வு காட்டியது. தூய ரத்தம் என்று ஒன்று கிடையாது. இதை மேடையில் முழக்கமாகச் சொல்ல நிறைய பேர் இருக்கிறோம். தரவோடு சொல்ல ஆள் வேண்டும்.

கடைசியாக

சில இளம் தோழர்கள் வேலைக்குப் போவதைச் சமரசம் என்று நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. இயக்கத்தை நம்பிச் சோறு தின்பவனால் தலைவரைக் கேள்வி கேட்க முடியாது. இன்றும் என் சோறு கோடிங் சம்பளத்தில்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை யார் முன்னாலும் நிமிர்ந்து பேச முடிகிறது. பெண்களுக்கு இது இரண்டு மடங்கு உண்மை.

நேற்று அந்தத் தங்கை வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். கோடு போட்ட தாள். இடது பக்கம் இருபத்தியொரு வரி, வலது பக்கம் ஒன்பது. "மீதிக்கு என்ன எழுதுறதுன்னு தெரியலண்ணா" என்று கீழே போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதலாம் என்று சொல்லியிருக்கிறேன். மாமாவையும் கூட்டி வரச் சொன்னேன்.

நீங்களும் உங்கள் தாளை எழுதுங்கள். வலது பக்கத்தை வேறு யாரும் நிரப்ப விடாதீர்கள்.

ஜெய் பீம்.