மிடிக் கோப்பும் இலவச சவுண்ட்ஃபொண்டும்

மிடி என்றால் பலருக்குப் பழைய நொக்கியா கைத்தொலைபேசியின் ரிங்டோன்தான் ஞாபகத்துக்கு வரும். கணினியில் போட்டால் பொம்மைப் பியானோ மாதிரி 'டிங் டிங்' என்று ஒரு சத்தம். "இதையெல்லாம் இப்ப ஆர் கேக்கிறது, எம்பி3 இருக்கே" என்று நீங்கள் சொல்லக்கூடும். எனக்குக் கேட்கவேண்டி வந்தது. அப்படித் தேடிப் பிடித்ததை எழுதி வைக்கிறேன், ஆருக்காவது உதவும்.

எங்களுக்குத் தெரிந்த அண்ணர் ஒருவர் ஊரில் இசைக்குழுவில் ஓர்கன் வாசித்தவர். 1995 ஒக்ரோபர் 30 யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது ஓர்கனையும், குழுவின் பாட்டுகள் பதிந்த கசெட்டுகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனவர். பிறகு ஒன்றும் மிஞ்சவில்லை. ஜேர்மனிக்கு வந்து ஹைமில் இருந்த காலத்தில், வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி எடுக்கவேணும். கையில் இருந்த காசுக்கு பழைய சாமான் சந்தையில் ஃபிளொப்பி போடக்கூடிய ஒரு கீபோர்ட் வாங்கினார். அறையில் இன்னும் மூன்று பேர். அதனால் இரவில் காதுக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தானே மெட்டமைத்து வாசிப்பார். அவர் 2021இல் காலமானார். பிஸ்கட் தகரப்பெட்டிக்குள் நான்கு ஃபிளொப்பிகள் கிடந்தன. அதற்குள் 23 மிடிக் கோப்புகள். எல்லாம் சேர்த்து ஒரு மெகாபைட் கூட வராது.

அக்கா சொன்னது இதுதான்: "இவற்ற பாட்டுகளை ஆட்டைத்திவசத்தண்டு வீட்டில மெதுவாப் போடவேணும் தம்பி. ஆனா இந்தச் சத்தம் வேண்டாம். சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு."

சத்தம் ஏன் அப்படி என்பதற்கு ஒரு சின்ன விளக்கம். மிடிக் கோப்புக்குள் சத்தமே கிடையாது. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு பலமாக அமத்தினார், எப்போது விட்டார் என்ற குறிப்புகள் மட்டும்தான். சமையல் குறிப்பு மாதிரி என்று வையுங்கோ, அரிசியும் தேங்காயும் நாங்கள்தான் போடவேணும். மிடி 1983இல் வந்தது. 1991இல் ஜெனரல் மிடி என்று ஒரு ஒழுங்கு செய்து 128 வாத்தியங்களுக்கு எண் கொடுத்தார்கள். அதில் 105 சித்தார், 112 ஷெனாய். வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை. தோல் வாத்தியங்களுக்கென்று 10ஆவது சனல் இருக்கிறது, அதிலும் மிருதங்கம் இல்லை. பொங்கோவும் கொங்காவும்தான்.

வின்டோஸ் தன்னிடம் உள்ள ஒரு சின்ன ஒலித்தொகுப்பைக் கொண்டு இந்தக் குறிப்புகளை வாசிக்கிறது. ரோலன்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற தொகுப்பு, 1996ஆம் ஆண்டுக்குரியது. 128 வாத்தியமும் மேளங்களும் சேர்ந்து மூன்று மெகாபைட்டுக்குச் சற்றுக் கூட. அந்த நாளில் அது பெரிய விசயம். இன்றைக்கும் வின்டோஸ் 11இல் அதே தொகுப்புத்தான் கிடக்கிறது. அண்ணரின் வயலின் ஏன் தும்பி மாதிரி இரைந்தது என்று இப்போது விளங்கும்.

இதற்கு மருந்துதான் சவுண்ட்ஃபொண்ட். உண்மையான வாத்தியங்களைச் சுரம் சுரமாகப் பதிந்து ஒரே கோப்பாகக் கட்டி வைப்பது. இ-மியூவும் கிரியேட்டிவும் கொண்டுவந்த முறை. 1994இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 ஒலியட்டையில் இதற்கென்று இருந்த நினைவகம் 512 கிலோபைட். கூடுதலாக நினைவகம் வாங்கிச் செருகவேணும். இன்றைக்கு ஒலியட்டையே தேவையில்லை, கணினியின் நினைவகம் தாராளமாகக் காணும்.

நான் முதலில் எடுத்தது ஃபுளூயிட்ஆர்3. ஃபிராங்க் வென் என்பவர் செய்து இலவசமாகக் கொடுத்தது, 140 மெகாபைட் அளவில் வரும். அடுத்து கிறிஸ்டியன் கொலின்ஸ் செய்த ஜெனரல்யூசர் ஜிஎஸ். அது ஏறக்குறைய 30 மெகாபைட்தான். வின்டோஸில் கூல்சொஃப்டின் வேர்ச்சுவல் மிடி சிந்த் என்ற மென்பொருளை நிறுவி அதற்குள் சவுண்ட்ஃபொண்டைக் காட்டிவிட்டால் போதும். லினக்ஸ்காரருக்கு ஃபுளூயிட்சிந்த். இதெல்லாம் தலையிடி என்றால் மியூஸ்ஸ்கோரில் மிடியைத் திறந்து, அதிலிருந்தே எம்பி3 ஆக்கலாம். அக்காவுக்கு நான் கடைசியில் அப்படித்தான் செய்து கொடுத்தேன், அவவிடம் இருப்பது கைத்தொலைபேசி மட்டும்தானே.

ஒரு எச்சரிக்கை. 'இலவசம்' என்று இணையத்தில் கிடக்கும் எல்லாம் இலவசம் இல்லை. காசுக்கு விற்கும் ஒலித்தட்டுகளிலிருந்து உருவி, பெயர் மாற்றி ஏற்றினவையும் உண்டு. உரிமம் எழுதி வைத்திருப்பதைப் பார்த்து எடுங்கோ. ஃபுளூயிட்ஆர்3க்கு எம்ஐடி உரிமம் இருக்கிறது, அதனால்தான் டெபியனுக்குள் அதைச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாவது, பெரிய கோப்பு என்றால் நல்ல கோப்பு என்று நினைக்கவேண்டாம். ஒரு ஜிகாபைட்டுக்கு மேற்பட்டது ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். பியானோ தேன், புல்லாங்குழல் தகரம். ஜெனரல்யூசர் அளவில் சின்னது, ஆனால் வாத்தியங்களுக்கிடையே சத்த அளவு ஒழுங்காக இருக்கிறது. 23 பாட்டில் 15க்கு அதுதான் பொருந்தியது.

மற்றவற்றில் ஒன்றைப்பற்றிக் கட்டாயம் எழுதவேணும். அண்ணர் கீபோர்டில் பிச் சக்கரத்தை உருட்டித்தான் கமகம் கொண்டுவருவார். அந்த உருட்டலும் கோப்புக்குள் அப்படியே எண்களாக இருக்கிறது. ஒரு பாட்டில் மட்டும் கமகமெல்லாம் சூம்பிப்போய்க் கேட்டது. கோப்பில் ஒன்றும் சொல்லாவிட்டால் சக்கரத்தின் எல்லை மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு என்றுதான் கணினி எடுத்துக்கொள்ளும். அண்ணர் தன் கீபோர்டில் அதை 12 ஆக்கி வைத்திருக்கிறார். கோப்பின் தொடக்கத்தில் 101, 100 ஆகிய இரண்டு கட்டுப்பாட்டு எண்களுக்கும் 0 கொடுத்து, 6க்கு 12 கொடுத்தேன். வயலின் நிமிர்ந்தது. ஒரு இடத்தில் மேலே ஏறப்போய், தயங்கி, கொஞ்சம் இறங்கிப் பிறகு ஏறுகிறது. அது ஃபிராங்க் வென்னின் வயலினும் இல்லை, என்னுடைய திருத்தமும் இல்லை. இருபது வருசத்துக்கு முந்திய ஒரு இரவில் ஹைமில் அண்ணரின் இடக்கை செய்தது. நான் கணினியை நிற்பாட்டிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

சத்தத்தை மாற்றுவது அவருடைய பாட்டை மாற்றுவது ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் தன் ஹெட்ஃபோனில் கேட்டது அந்தக் கீபோர்டின் சத்தம். ஆனால் அவர் ஷெனாய் என்ற எண்ணைப் போட்டது ஷெனாய் பிடித்ததால் இல்லை, நாதஸ்வரம் பட்டியலில் இல்லாததால். மெட்டு அவருடையது, வாத்தியம் அன்றைக்குக் கைக்கு எட்டினது. மூலக் கோப்புகளில் நான் கை வைக்கவில்லை. 23உம் தனியாக மூன்று இடங்களில் பிரதி எடுத்து இருக்கிறது.

திவசத்தன்று ஒன்பது பாட்டு ஒலித்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, நாலாவதை மட்டும் திரும்பப் போடச் சொன்னா. மகள் ஜேர்மன் மொழியில் "இது அப்பா வாசிச்சதா, கணினி வாசிச்சதா?" என்று கேட்டாள். இரண்டும் என்றேன்.

இப்போது கொங்காவை மாற்றும் வேலை நடக்கிறது. மிருதங்கம் பழகும் உறவுப் பெடியன் ஒருவன் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, மெதுவாகவும் பலமாகவும் வாசித்துத் தர, பொலிஃபோன் என்ற இலவச மென்பொருளில் அவற்றை வெட்டி, கொங்காவும் பொங்கோவும் இருந்த 60 முதல் 64 வரையான கட்டைகளில் வைக்கிறேன். வலந்தலை முடிந்தது. தொப்பிப் பக்கம் பாக்கி. பெடியனுக்குச் சோதனையாம், அடுத்த லீவுக்குத்தான் வருவான்.