கணக்குச் சரியா வருது சார்!

பிப்ரவரி பிறந்தால் நான் சம்பளம் வாங்காத ஜெனரல் மேனேஜர் ஆகிவிடுவேன். அமெரிக்காவின் என்.பி.ஏ. பாஸ்கட்பால் டீம்கள் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கெடு முடிவது அப்போதுதான். 2025-ல் பிப்ரவரி 6, நியூயார்க் நேரப்படி பிற்பகல் 3 மணி. நமக்கு நள்ளிரவு ஒன்றரை.

எதிர் மேஜை நண்பர் ஒரு மாதம் முன்பே ஆரம்பித்துவிடுவார். டிபன் பாக்ஸ் திறக்கவேண்டியதுதான்.

"சார், இவனைத் தள்ளிவிட்டுட்டு அவங்ககிட்டே ரெண்டு பேரை வாங்கினா எப்படி?"

"சம்பளம் இடிக்குதே!"

இது முக்கியம். அங்கே நினைத்தபடி ஆளை மாற்ற முடியாது. சம்பள உச்சவரம்பைத் தாண்டிய டீம், போகிறவர் சம்பளத்துக்கும் வருகிறவர் சம்பளத்துக்கும் ஏறக்குறைய ஈடு காட்ட வேண்டும். செலவு ரொம்பவே எகிறிய டீம், இரண்டு சின்னச் சம்பளங்களைக் கூட்டி ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்கவும் முடியாது. எனவே துண்டுச் சீட்டு, கால்குலேட்டர், இழுத்துப் போட ஒரு மூன்றாவது டீம். கடைசியில் நண்பர் வெற்றியோடு நிமிர்வார்: "கணக்குச் சரியா வருது சார்!"

எங்கள் சீட்டில் சில பெயர்கள் மட்டும் வரவே வராது. டாலஸ் மேவரிக்ஸின் லூக்கா டான்சிச் அதில் ஒருவர். 25 வயது. 2024-ல் டீமை ஃபைனல் வரை கொண்டுபோனவர். உற்சவர் ஊர் சுற்றலாம், மூலவர் நகர்வாரோ?

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை காலை. நண்பர் போனில் அலறினார்.

"சார், மூலவரே போயிட்டார்!"

லூக்கா லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு. பதிலுக்கு ஆந்தனி டேவிஸ் டாலஸுக்கு. நடுவில் யூட்டாவும் உண்டு. செய்தியை முதலில் வெளியிட்ட நிருபரின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். நாங்களும்தான். அப்புறம்? வேறென்ன, கால்குலேட்டரை எடுத்தோம்.

அடுத்த மாதக் கடைசியில் எங்கள் ஆபீஸில் ஒரு லிஸ்ட் வந்தது. அதில் என் பெயர். 300 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளை. பத்து நாளில் சேர வேண்டும்.

"உங்களுக்குப் பதிலா அங்கேயிருந்து ரெண்டு ஜூனியர் வராங்களாம் சார்" என்றார் நண்பர். வாய் வரை வந்த அடுத்த வரியை நல்லவேளையாக விழுங்கிவிட்டார்.

வீட்டில் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். "உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்களா?"

மாட்டார்கள். அங்கேயும் அப்படித்தான். 'என் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க, லீகில் எட்டு வருடமும் அந்த டீமில் நான்கு வருடமும் ஆடியிருக்க வேண்டும். அப்புறமும் கிடைப்பது ரொம்ப அபூர்வம். 2019 பிப்ரவரி 6-ல் ஹாரிஸன் பார்ன்ஸ், டாலஸுக்காக ஆடிக்கொண்டிருக்கும்போதே அவரை சாக்ரமெண்டோவுக்கு மாற்றிய செய்தி வெளியாகிவிட்டது. மனுஷர் எழுந்து போகவில்லை. ஆட்டம் முடியும்வரை பழைய டீமின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் கேன்டீனில் அதை ஜோக்காகச் சொல்லிச் சிரித்தவன் நான்.

ஏப்ரல் 10 காலை, புது ஊர் லாட்ஜ் ரூமில் செல்போனில் மேட்ச் பார்த்தேன். லூக்கா முதன்முறையாக எதிரணி ஆளாக டாலஸுக்கு வந்திருந்தார். அவருடைய பழைய ஆட்டங்களைத் தொகுத்து அரங்கத் திரையில் ஓட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்தபடி அழுதார். டவலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி 45 பாயிண்ட் அடித்தார். எனக்கு 45 எல்லாம் தெரியவில்லை. டவல் மட்டும்தான் தெரிந்தது. நாலாம் வகுப்புப் பரீட்சை முடியாததால் என் மகள் ஊரிலேயே இருந்தாள்.

திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 2026 பிப்ரவரியிலும் நண்பர் போன் செய்தார். கணக்குச் சரியாக வந்தது.

"எல்லாம் சரி சார்... அவனுக்கு ஸ்கூல் போற குழந்தை ஏதாவது இருக்கா?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அதுக்கு நம்ம சீட்டுல கட்டமே போடலையே சார்" என்றார்.