நோயும் தண்டனையும்: திரைப்படத்தை அறநோக்கில் மதிப்பிடல்

கிழக்கிலங்கைக் கல்லூரி ஒன்றின் கலைவிழாவிலே, பதினாறு வயது மாணவன் ஒருவன் ஒருமுறை ‘இரத்தக் கண்ணீர்’ திரைப்படத்தின் நாயகனை மேடையில் நடித்துக் காட்டினான். பழைய போர்வை ஒன்றைப் போர்த்து, விரல்களை மடக்கி, நொண்டி நடந்து, எம். ஆர். ராதாவின் கரகரத்த குரலிலே அவன் பேசியபொழுது மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது. கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமாக, கல்லூரி வாசலில் கச்சான் விற்கும் முதியவர் நின்றுகொண்டிருந்தார். மட்டக்களப்பு வாவியின் நடுவே உள்ள மாந்தீவுத் தொழுநோய் வைத்தியசாலையிலே பல ஆண்டுகள் இருந்து, குணமடைந்து திரும்பியவர் அவர் என்பது ஊரறிந்த செய்தி. மறுநாள் இடைவேளையில் அம்மாணவன் வழக்கம்போல அவரிடம் கச்சான் வாங்கச் சென்றான். அவர் ஒன்றும் பேசவில்லை. மடங்கிய விரல்களாற் கடதாசிச் சரையைச் சுருட்டி, நிரப்பி, நீட்டினார். முதல்நாள் தான் மேடையிலே மடக்கிக் காட்டிய விரல்கள் அவைதாம் என்பதை அம்மாணவன் அப்பொழுதே கண்டான். பின்னர் பல்கலைக்கழகம் புகுந்து, இலக்கிய விமர்சனம் பயின்று, கலையும் அறமும் பற்றிய கருத்தரங்குகளிலே கலந்துகொண்ட காலத்திலும் அந்தக் கச்சான் சரை அவன் நினைவினின்றும் அகலவில்லை.

நிகழ்ச்சி சிறியது. எனினும், ஜனரஞ்சகத் திரைப்படங்களை அறநோக்கில் மதிப்பிட முற்படும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய வினா ஒன்று அதனுள் அடங்கியுள்ளது.

தமிழ்ச் சூழலில் இத்தகைய மதிப்பீடு பெரும்பாலும் இரு வழிகளிலே நடைபெற்று வந்துள்ளது. முதலாவது, காட்சிகளை எண்ணும் வழி. எத்தனை இடத்தில் மது அருந்தப்படுகின்றது, எத்தனை இடத்தில் ஆடை குறைகின்றது, எத்தனை அடிதடிகள் வருகின்றன என்று கணக்கிட்டு, தொகை கூடினாற் படம் தீயது என்றும் குறைந்தால் நல்லது என்றும் தீர்ப்பளிப்பர். இரண்டாவது, முடிவை நோக்கும் வழி. இடையில் எது நிகழினும், இறுதியில் தீயவன் தண்டிக்கப்பட்டு நல்லவன் வாழ்வு பெற்றால் படம் அறத்தைப் போதிப்பதாகக் கொள்வர். இவ்விரு வழிகளையும் வெறுத்து, பொழுதுபோக்கை அறத்தராசில் நிறுப்பதே பேதைமை என்று வாதிடுவோரும் உளர். களைத்து வந்தவன் இரண்டரை மணிநேரம் சிரித்துவிட்டுப் போகட்டும் என்பது அவர்தம் நிலைப்பாடு.

இம்மூன்றாம் நிலைப்பாட்டினை ஏற்பது கடினம். பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமா பற்றிய தமது எழுத்திலே ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதற் கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்பதும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, கொடுக்கும் காசே என்பதும் அவர் கருத்து. கோயில் வீதியிலும் கூத்துக் களரியிலும் ஒருங்கே அமர முடியாதவர்கள் ஒருங்கே அமர்ந்து சிரித்த இடம் அது. ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்து எதற்காகச் சிரிக்கின்றது, எதற்காக அழுகின்றது என்பது அச்சமூகத்தின் அறவுணர்வோடு தொடர்பற்றதாக இருத்தல் இயலாது. எனவே மதிப்பீடு வேண்டும். எவ்வகை மதிப்பீடு என்பதே வினா. அதற்கு விடை காண, மேற்கூறிய இரு வழிகளிலும் சிறப்புத் தேர்ச்சி பெறக்கூடிய படமாகிய ‘இரத்தக் கண்ணீர்’ தக்கதோர் உரைகல்லாகும்.

திருவாரூர் தங்கராசு எழுதி, எம். ஆர். ராதா தமிழகமெங்கும் மேடையேற்றிய நாடகம் அது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1954இல் திரைப்படமாயிற்று. வெளிநாட்டிலிருந்து திரும்பிய செல்வந்தன் மோகனசுந்தரம் பெற்ற தாயை இழிவு செய்கின்றான். மணந்த மனைவி சந்திராவைப் புறக்கணிக்கின்றான். காந்தா என்னும் தாசியிடம் பொருளை இழக்கின்றான். ஈற்றில் தொழுநோய் அவனைப் பற்றுகின்றது. காந்தாவினால் துரத்தப்பட்டுத் தெருவிலே பிச்சையெடுத்து அலைகின்றான். முடிவில், தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவே மணக்க வேண்டும் எனக் கூறி, நோயுற்ற தன் கோலத்தைச் சிலையாக வடித்து உலகுக்கு எச்சரிக்கையாக நிறுத்துமாறு வேண்டுகின்றான்.

தீமை செய்தவன் அழிகின்றான். தாயின் பெருமை நிலைநாட்டப்படுகின்றது. ஒழுக்கத்தின் உயர்வு போதிக்கப்படுகின்றது. பெரியவர்கள் இப்படத்தைப் பிள்ளைகளுக்குப் பாடமாகக் காட்டியதில் வியப்பில்லை. இதனினும் சிறந்த பண்பு ஒன்றும் படத்திற்கு உண்டு. கணவன் உயிரோடிருக்கவே மனைவிக்கு மறுவாழ்வு வழங்கும் முடிவு 1954ஆம் ஆண்டின் தமிழ்ச் சமூகத்திலே துணிச்சலானது. கற்பின் பெயரால் பெண்ணை நோயாளிக் கணவனின் காலடியிலே கட்டி வைக்கும் பழங்கதைகளை அது ஒரே அடியில் மறுத்துவிட்டது. ராதாவின் நடிப்போ தனித்த ஆற்றல் வாய்ந்தது. சீரழிந்தவனின் வாயிலாகவே சமூகத்தின் போலிகளை எள்ளி நகையாடும் அந்தக் கூரிய நாக்கு, தமிழ்த் திரையில் அரிதாகவே கேட்கப்பட்டது. வில்லனும் நகைச்சுவையாளனும் குற்றவாளியும் நீதிபதியுமாக ஒருவனே நின்ற அப்பாத்திர வார்ப்பினை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

அவ்வாறாயின் குறை எங்கே உளது? மோகனசுந்தரத்திற்கு விதிக்கப்பட்ட தண்டனையிலே உளது.

தொழுநோய் ஒருவகை நுண்கிருமியால் விளைவது. நோர்வே நாட்டு மருத்துவர் ஹன்சன் அக்கிருமியை 1873இலேயே கண்டறிந்தார். சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கிப் பழகுவோருக்குச் சுவாசத்தின் வழியாக அது தொற்றலாம்; பெரும்பாலானோரின் உடலோ இயல்பாகவே அதனை எதிர்த்து நின்றுவிடும். தொற்றிய பின்னும் அறிகுறிகள் தோன்றப் பல ஆண்டுகள் செல்லும். தாசி வீட்டுக்குச் செல்வதற்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. தாயை உதைப்பதற்கும் இல்லை. பச்சைக் குழந்தையையும் பத்தினிப் பெண்ணையும் அது ஒருங்கே தாக்கும். படம் வெளிவருவதற்கு முன்னரே, 1940களில், சல்போன் வகை மருந்துகள் இந்நோயைக் கட்டுப்படுத்தத் தொடங்கியிருந்தன. அதே பத்தாண்டின் இறுதியில், தமிழகத்தின் வேலூரிலேயே, மருத்துவர் போல் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தும் பணியைத் தொடங்கிவிட்டார். விரல்கள் நிமிரத் தொடங்கிய காலத்திலேதான் திரையில் அவை பாவத்தின் முத்திரையாக மடங்கின.

இதிலே ஆழ்ந்ததொரு முரண்பாடும் உண்டு. ராதாவும் தங்கராசுவும் பெரியாரின் பகுத்தறிவுக் கொள்கையிலே ஊறியவர்கள். தலைவிதியையும் முன்வினைப் பயனையும் கண்டித்த இயக்கம் அவர்களுடையது. முற்பிறப்பிலே செய்த பாவமே இப்பிறப்பில் பெருநோயாக வருகின்றது என்பது நாட்டிலே வேரூன்றிய நம்பிக்கை. ‘இரத்தக் கண்ணீர்’ முற்பிறப்பை நீக்கிவிட்டு, அதே வினைப்பயனை இப்பிறப்புக்குள்ளேயே நடத்திக் காட்டியது. கடவுள் நீங்கினார், கடவுளின் தண்டனை நீங்கவில்லை. மூடநம்பிக்கையை எதிர்க்கப் புறப்பட்ட கலையே மிகக் கொடிய மூடநம்பிக்கை ஒன்றுக்குப் புதிய மொழி கொடுத்தது.

அந்நம்பிக்கையின் விலையைச் செலுத்தியவர்கள் யாவர்? மோகனசுந்தரம் போன்ற செல்வந்தர்கள் அல்லர். இலங்கையில் ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையிலே தொழுநோயாளர் இல்லம் அமைத்த காலந்தொட்டு, நோயாளரை ஊரினின்றும் பிரித்து வைப்பதே வழக்கமாயிற்று. 1901இல் பிரித்தானியர் இயற்றிய சட்டம் அப்பிரிவினைக்கு அதிகாரமும் அளித்தது. மாந்தீவு தண்ணீரால் சூழப்பட்டது என்பது தற்செயலன்று. பிரித்து வைப்பதற்கென்றே தெரிந்தெடுக்கப்பட்ட இடம் அது. பின்னர் மருத்துவம் முன்னேறிற்று. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதன்பின் நோயாளி மாதக்கணக்கிலேயே முற்றாகக் குணமடைதல் கூடுவதாயிற்று. ஆயினும் குணமடைந்தவர் ஊருக்குத் திரும்பும்போது, அவர் என்ன பாவம் செய்தாரோ என்னும் ஐயம் அவருக்கு முன்னரே படகேறி வந்து காத்திருந்தது. சட்டங்களும் இந்த ஐயத்தினின்றும் எளிதில் விடுபடவில்லை. படம் வெளிவந்த மறு ஆண்டாகிய 1955இல் இந்தியாவில் இயற்றப்பட்ட இந்துத் திருமணச் சட்டம் தொழுநோயை மணமுறிவுக்கு ஒரு காரணமாக ஏற்றது. அக்காரணம் நீக்கப்பட்டது 2019இலேதான்.

நோயைப் பற்றிய இந்த அச்சமனைத்தையும் ஒரு திரைப்படத்தின் தலையிலே சுமத்துதல் நீதியாகாது. அப்படம் பழைய நம்பிக்கையைப் புனைந்துரைக்கவில்லை. தன் காலத்துக் காற்றிலே இருந்ததைச் சுவாசித்தது, அவ்வளவே. ராதாவுக்கோ இயக்குநர்களுக்கோ நோயாளரை நோகச் செய்யும் எண்ணம் இருந்ததெனக் கூறவும் ஆதாரமில்லை. கதையைக் கதையாகவே கொள்ளும் அறிவு ரசிகனுக்கு உண்டு என்றும் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எவனும் மருத்துவம் கற்பதில்லை. ஆனால், சிரிப்பு கற்பிக்கும் பாடம் வேறு வகையானது. எவரைக் கண்டு சிரிக்கலாம், எவரைக் கண்டு ஒதுங்கலாம் என்பதை அது உடம்புக்கே கற்பித்துவிடுகின்றது. கலைவிழா மேடையிலே விரல் மடக்கிய மாணவன் தொழுநோய் பாவத்தால் வருவதென நம்பியிருக்க மாட்டான். எனினும் அவ்விரல்கள் சிரிப்புக்குரியன என்பதை ஒருவரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இவ்விடத்தே தமிழ் மரபிலிருந்தே ஓர் ஒப்புநோக்குச் செய்தல் பொருந்தும். செல்வந்தக் கணவன், புறக்கணிக்கப்பட்ட மனைவி, ஆடல் மகள், அழிந்த பொருள் என்னும் இதே அமைப்பு சிலப்பதிகாரத்திலும் உண்டு. கோவலனும் வழிதவறியவனே. ஆயினும் இளங்கோவடிகள் அவன் உடலிலே நோயை எழுதவில்லை. வாணிகம் செய்து வாழ்வைத் திரும்பப் பெறலாம் என்னும் நம்பிக்கையோடு அவனை மதுரைக்கு நடத்திச் செல்கின்றார். வழியிலே மாதவியின் ஓலையைப் படித்த கோவலன், பிழை அவளதன்று, தன்னதே என்று உணர்கின்றான். மாதவியும் காந்தாவைப் போலப் பொருள் தீர்ந்ததும் கதவடைப்பவளாகப் படைக்கப்படவில்லை. கோவலனின் முடிவைக் கேட்டபின் துறவு பூண்ட மாதவியையே மணிமேகலைக் காப்பியத்திலும் காண்கின்றோம். மூவருள் எவரையும் நகைப்புக்கு உரியவராக்காமலே அறத்தைப் பேசுதல் அக்கவிஞருக்குக் கைவந்தது. வழிதவறிய வணிகனிடம் தொடங்கிய கதையிலே, காப்பியத்தின் அறக்கோபம் முழுவதும் ஈற்றில் ஆராயாது தீர்ப்பளித்த அரசன்மீதே பாய்கின்றது. வலியவனை நோக்கி நீண்ட விரல் அது. ‘இரத்தக் கண்ணீர்’ செல்வந்தனைத் தண்டிக்கப் புறப்பட்டு, அவனை ஏழை நோயாளியின் வடிவத்துக்கு மாற்றிய பின்னரே தண்டிக்கின்றது. ஆகவே கல்லெறி விழுவது செல்வந்தன்மீதன்று, அவ்வடிவத்தின்மீதே.

இவ்வொப்பீட்டிலிருந்து அறநோக்கு விமர்சனத்துக்கு ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. ஒரு படத்திலே எத்தனை தீமை காட்டப்படுகின்றது என்பதும், தீமை இறுதியில் தோற்கின்றதா என்பதும் போதிய வினாக்கள் அல்ல. படம் போதிக்கும் அறத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பதும் வினவப்படல் வேண்டும். கதையின் குற்றத்தோடு யாதொரு தொடர்புமற்ற மனிதர் எவரேனும் அந்தப் பாடத்துக்காகக் கொட்டகைக்கு வெளியே தண்டிக்கப்படுகின்றனரா? ‘இரத்தக் கண்ணீர்’ இவ்வகையில் தனித்த ஒன்றன்று. வில்லனுக்கு ஒற்றைக் கண்ணையும் வெட்டுத் தழும்பையும் வழங்கிய படங்கள் எத்தனை! திக்கிப் பேசுபவனையும் செவிப்புலன் அற்றவனையும் நகைச்சுவைக் காட்சிக்கு மட்டுமே அழைத்த படங்கள் எத்தனை! இவற்றுட் பல, காட்சிகளை எண்ணும் கணக்கிலே குற்றமற்றவையாகத் தேறிவிடும். முடிவை நோக்கும் கணக்கிலோ அறநூல்களாகவே விளங்கும்.

இவ்வளவுகோலைக் கைக்கொள்வதாற் பழைய படங்களைத் தடைசெய்ய வேண்டும் என்பதோ, ராதாவின் கலையை மறக்க வேண்டும் என்பதோ பெறப்படாது. அப்படத்தின் துணிவைப் போற்றிக்கொண்டே அதன் பிழையைக் கூற முடியும். விமர்சகன் படத்தை மாத்திரம் பார்த்துத் தீர்ப்பெழுதினால், பொற்கொல்லன் சொல்லை மாத்திரம் கேட்டுத் தீர்ப்பளித்த பாண்டியனின் பிழையையே அவனும் செய்தவனாவான். அவன் மண்டபத்தையும் திரும்பிப் பார்த்தல் வேண்டும். எல்லோரும் சிரிக்கும் வேளையில் கடைசி வரிசைக்குப் பின்னால் சிரியாமல் நிற்பவர் உண்டா என்று தேடுதல் வேண்டும்.

அம்மாணவன் அதன்பின்னர் எந்தக் கலைவிழாவிலும் அப்பாத்திரத்தை நடிக்கவில்லை. முதியவரிடம் மன்னிப்புக் கேட்கவும் அவனுக்குத் துணிவு வரவில்லை. கல்லூரியை விட்டு நீங்கும்வரை இடைவேளைதோறும் அவரிடமே கச்சான் வாங்கினான். சரையை அவர் நீட்டும்போது, மற்றவர்கள் செய்ததுபோல் அதன் நுனியைப் பற்றி எடாமல், அவர் கையோடு கை படவே வாங்கிக்கொண்டான்.