அப்பாவின் தட்டுகளுக்கு ஓர் ஊசி

கிள்ளானில் எங்கள் வீட்டு அலமாரியில் 43 இசைத்தட்டுகள் இருக்கின்றன. எல்லாம் தாத்தா சேர்த்தவை. துறைமுகத்தில் வேலை பார்த்தவர் அவர். அன்று அதற்கு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். சென்னையிலிருந்து ராஜூலா கப்பலில் வருகிறவர்களிடம் சொல்லிவைத்தும் சில தட்டுகளை வாங்கினாராம். 80-களில் வீட்டில் பணமுடை வந்தபோது ரேடியோகிராம் விலை போனது. தட்டுகள் தங்கிவிட்டன. மூன்று வீடு மாறியும் அப்பா அவற்றை விடவில்லை. யாரையும் தொடவும் விடவில்லை.

ஒரு பிளேயர் வாங்கட்டுமா என்று கேட்டேன். “எதுல வேணும்னாலும் போடு. கீறல் மட்டும் விழக்கூடாது. தாத்தா சம்பளத்துல வாங்குனதுடா” என்றார். என்னிடம் இருந்தது 700 வெள்ளி.

பேரங்காடிகளில் சூட்கேஸ் மாதிரி பிளேயர்கள் விற்கிறார்கள். பார்க்க அழகு, ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும். ஆனால் அந்த வகையில் பலவற்றின் ஊசி, தட்டின் மேல் 5, 6 கிராம் எடையோடு அழுத்தும். நல்ல மேக்னடிக் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். சூட்கேஸில் எடையைக் குறைக்க வழியும் இருக்காது. புதுத் தட்டு வாங்கி விளையாட்டாகக் கேட்பவர்களுக்கு அது சரிதான். அப்பாவின் நிபந்தனைக்குச் சரிவராது. அதனால் பழையது தேடினேன்.

பழைய பொருள் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பிளேயர்கள் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் பின்பக்கம் திருப்பி வோல்ட்டைப் பாருங்கள். ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 240. அப்படியே செருகினால் கதை முடிந்தது. தனியாக டிரான்ஸ்பார்மர் வாங்க வேண்டும். அதன் விலையையும் சேர்த்தால் மலிவு எங்கே போனதென்று தெரியாது. கடைசியில் 240 வோல்ட்டில் ஓடும் ஒரு பெல்ட் பிளேயர் கிள்ளானிலேயே 260 வெள்ளிக்கு அமைந்தது. பெல்ட் தொய்ந்திருந்தது, புதியது 25 வெள்ளி.

ஆம்ப்ளிபையருக்குச் செலவே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் மாமா வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ‘போனோ’ என்று எழுதிய துளைகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. தவிர, தட்டில் பதியும்போதே கனத்த ஒலியைக் குறைத்து, மெல்லிய ஒலியைக் கூட்டித்தான் பதிவார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்யும் வேலை இந்த ‘போனோ’ பகுதியுடையது. அது இல்லாவிட்டால் டி.எம்.எஸ். குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். புது ஆம்ப்ளிபையர்கள் பலவற்றில் இது கிடையாது; தனிப்பெட்டி வாங்க வேண்டியிருக்கும். வாங்குமுன் உறவினர் வீட்டு ஸ்டோர் ரூமை ஒருமுறை கிளறிப் பார்ப்பது நல்லது.

ஸ்பீக்கருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்யூட்டரில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து எல்ஆர்டி பிடித்து தாமான் ஜெயா. பக்கத்திலேயே பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மால். வார இறுதியில் அங்கே பழைய பொருள் சந்தை கூடும். பி. ரம்லி, தெரசா டெங், பீட்டில்ஸ் என்று அடுக்கடுக்காக இசைத்தட்டுகள். நடுவே ஓரிரண்டு தமிழ்ப்படத் தட்டுகளும் எட்டிப் பார்த்தன. கையைக் கட்டிக்கொண்டு ஸ்பீக்கரை மட்டும் வாங்கினேன், ஜோடி 180 வெள்ளி.

புதிதாக வாங்கியே ஆகவேண்டியது கார்ட்ரிட்ஜும் ஊசியும்தான். 140 வெள்ளி. பழைய ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. தேய்ந்த ஊசி தட்டை உழுதுவிடும். ஊசியின் அழுத்தத்தை நிறுக்க ஒரு குட்டித் தராசு 30 வெள்ளி. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தராசில் 2.0 வருகிறதா என்று மூன்று முறை பார்த்தார்.

அடுத்தது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் அது வராத தட்டு அபூர்வம். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, மென்மையான மைக்ரோபைபர் துணி, இவ்வளவுதான். நடுவில் இருக்கும் காகிதம் மட்டும் நனையக்கூடாது. துணிக்கும் தண்ணீருக்கும் 15 வெள்ளி ஆனது. இரண்டு மாலை கழுவி, தட்டு காயவைக்கும் கூடையிலேயே வரிசையாக நிறுத்தினோம். “வீட்டுப் பாத்திரத்தை ஒரு நாளாவது இப்படிக் கழுவியிருக்கீங்களா ரெண்டு பேரும்?” என்றார் அம்மா.

முதல் தட்டை அப்பாதான் வைத்தார். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவர் விரலை உயர்த்தி, “இப்ப தாவும் பாரு” என்றார். தாவியது. அவருடைய பத்து வயதில் சித்தப்பா போட்ட கீறலாம். எங்கே தாவும் என்று உடம்பு இத்தனை வருடமாக நினைவில் வைத்திருக்கிறது.

38 தட்டுகள் ஓடின. மீதி 5, நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய அரக்குத் தட்டுகள். அவற்றின் பள்ளம் அகலம். ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனான ஊசி வேண்டும். எங்கள் பிளேயரில் 33-ம் 45-ம் மட்டுமே உண்டு. அந்த ஐந்தில் 1952-ல் வந்த ‘பராசக்தி’யின் வசனத் தட்டும் இருக்கிறது. கலைஞரின் நீதிமன்ற வசனத்தை அப்பா இன்றும் மனப்பாடமாகச் சொல்வார். தட்டில் கேட்டு அவருக்கு நாற்பது வருடம் ஆகிறது.

செலவு போக 50 வெள்ளி மிச்சம். ஓர் உறையில் போட்டு, ‘78’ என்று எழுதி, அலமாரியில் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போன வாரம் பார்த்தபோது அதில் 100 இருந்தது.