ஓதும் சொல்லும் ஏசும் சொல்லும்



பிள்ளைகளின் பேச்சு கெட்டுவிட்டதென்று பெற்றோர் பலர் மத்ரஸாவுக்கு வந்து வருந்துகின்றனர். ‘கெத்து’, ‘மொக்கை’, ‘செம’ என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறார்களாம். இவை தெருவின் கொச்சைச் சொற்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் இத்தகைய சொற்கள் உண்டு. பெரும்பாலானவை தாமாகவே வழக்கொழிந்து போகும். யாரிடம் எப்படிப் பேசுவது என்னும் ஒழுக்கத்தைக் கற்பித்தால் போதும். என் கவலை வேறு. நம் வீடுகளுக்கென்றே சில ஏச்சுச் சொற்கள் இருக்கின்றன. அவை தெருவிலிருந்து வந்தவையல்ல. நாம் ஓதும் வேதத்தின் மொழியிலிருந்து வந்தவை.

‘முஸீபத்து’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அரபியில் ‘முஸீபா’ என்றால் மனிதனை வந்தடையும் துன்பம். அம்பு குறியில் தைப்பதைச் சொல்லும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. துன்பம் வந்துற்றபோது, ‘நாங்கள் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே மீள்பவர்கள்’ என்று கூறுவோரே பொறுமையாளர்கள் என்பது சூரா அல்பகரா 156ஆம் வசனத்தின் கருத்து. இந்த வசனத்தை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கை உயர்த்தினாள். “ஹஜ்ரத், இது எங்க உம்மா என்னைக் கூப்பிடுற பேரு” என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

துன்பத்தின் பெயரே அது, பிள்ளையின் பெயரன்று என்று அவளுக்கு விளக்கினேன். ஆயினும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ‘பலா முஸீபத்துகளை விட்டும் எங்களைக் காப்பாயாக’ என்று தொழுகைக்குப் பின் துஆச் செய்கிறோம். அதே வீட்டில் அதே சொல்லால் ஏச்சு வாங்கும் குழந்தை, அந்தத் துஆவை எப்படி விளங்கிக்கொள்ளும்? தன்னிடமிருந்து விடுதலை கேட்கிறார்கள் என்றல்லவா எண்ணும்?

‘மவுத்தாப் போ’ என்பது இன்னும் அஞ்சத்தக்கது. உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் செல்வத்துக்கும் எதிராகப் பிரார்த்திக்காதீர்கள். அது துஆ ஏற்கப்படும் நேரமாக அமைந்துவிடலாம் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்ததை ஜாபிர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. ‘ஹராமி’ என்று விளையாட்டாக ஏசுவோர் அதன் பொருளை அறிவதில்லை. முறையற்ற உறவில் பிறந்தவன் என்பது அதன் பொருள். அது ஒரு தாயின் கற்பின் மீது வீசப்படும் பழி. அத்தகைய பழியை நான்கு சாட்சிகள் இன்றிச் சுமத்துவோரை சூரா அந்நூர் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் ஓதியிருக்கிறோம்.

ஏச்சாக மாறாமலே பொருள் இழந்த சொற்களும் உண்டு. பிள்ளை சைக்கிள் கேட்கிறது. வாங்கித் தரும் எண்ணமில்லாத தந்தை ‘இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம்’ என்கிறார். அதன் பொருள் ‘இல்லை’ என்பதைப் பிள்ளை விரைவில் கற்றுக்கொள்கிறது. நாளைய செயலை அல்லாஹ்வின் நாட்டத்தோடு இணைத்துச் சொல்லுமாறு சூரா அல்கஹ்ஃப் கற்பித்த வார்த்தை, தட்டிக்கழிக்கும் வார்த்தையாகிவிடுகிறது.

இதற்குத் தீர்வையும் குர்ஆனே காட்டுகிறது. நபியவர்களை விளிக்க ஸஹாபாக்கள் ‘ராஇனா’ என்றார்கள். ‘எங்களைக் கவனியுங்கள்’ என்னும் நல்ல பொருளுடைய சொல். பகைவர் சிலர் நாவைச் சுழற்றி அதையே இழிசொல்லாக்கினர். அப்போது, ‘ராஇனா’ என்று சொல்லாதீர்கள், ‘உன்ளுர்னா’ என்று சொல்லுங்கள் என அல்பகரா 104ஆம் வசனம் இறங்கியது. ஸஹாபாக்களின் எண்ணத்தில் குறையில்லை. எனினும் சொல் மாற்றப்பட்டது. ‘மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை’ என்று நாம் கூறும் சமாதானத்துக்கு இதில் பதில் உண்டு.

கோபமே கொள்ளாதிருப்பது எளிதன்று. ஆனால் கோபத்தில் வரும் சொல்லைப் பழக்கத்தால் மாற்றலாம். நம் உம்மம்மா காலத்துப் பெண்கள் சிலர் ஏசும்போதே “நல்லாயிருப்பே, கொஞ்சம் சும்மா இரு” என்பார்கள். அந்த ஏச்சிலும் ஒரு துஆ இருந்தது. அதை மீட்டெடுப்போம்.

நம் நாவுகளை அல்லாஹ் பேணுவானாக. நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக. ஆமீன்.